பேச்சற்ற பெட்டி சொன்ன வரலாறு



வரலாறு என்றவுடன் நம் மனத்தில் எழுவன கோட்டைகளும் கல்வெட்டுகளும் போர்க்களங்களும் ஆகும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று. மேசையின் ஒரு மூலையில் அடங்கிவிடக்கூடிய சிறு பெட்டி ஒன்றின் வரலாற்றையே சொல்லப் போகிறேன். மடிக்கணினியைத் தன்மேல் தாங்கி, விசைப்பலகை முதலிய துணைக்கருவிகளை அதனோடு இணைத்து, அதன் மெல்லிய குரலை அறை முழுவதும் கேட்குமாறு பெருக்கித் தருவது அப்பெட்டி. கடைக்காரர்கள் அதனை 'ஆடியோ டாக்கிங் ஸ்டேஷன்' என்பர். 'டாக்' என்பது கப்பல் வந்து நிற்கும் துறை. கடலில் தனியே சென்ற கலம் துறையை அடைந்து, வேண்டுவன பெற்று, கொண்டுவந்த சரக்கை இறக்குவதுபோல, கையோடு திரியும் கணினி இப்பெட்டியில் வந்து தங்கித் தன் ஒலிச் சரக்கை இறக்குகிறது. ஆதலால் இதனை 'ஒலித்துறை' என்றே நான் அழைக்கப் போகிறேன்.

என் தமக்கையார் கண்ணொளி குன்றியவர்; செவியும் சற்று மந்தம். நூல்களைக் கணினி உரக்கப் படிக்க, அவர் கேட்டு மகிழ்வது வழக்கம். மடிக்கணினியின் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிகள் அவருக்குப் போதா. எனவே பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒலித்துறை ஒன்று இருந்து வந்தது. சென்ற ஆண்டு ஒருநாள் அதில் 'ஊம்' என்றோர் இரைச்சல் எழுந்தது. நாளடைவில் அவ்விரைச்சல் வளர்ந்து படிப்பவர் குரலை விழுங்கிற்று. பிறகு குரல் இடையிடையே அறுந்தது. இறுதியில் தமக்கையார், "போதும் தம்பி, இனிமேல் நான் சும்மாவே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் என்னைப் பெட்டியும் கையுமாகக் கடைத்தெருவுக்குத் துரத்திற்று.

முதற் கடையில், "இதையெல்லாம் யார் சார் இப்போது பார்க்கிறார்கள்? புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். இரண்டாம் கடையிலும் அதுவே விடை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவதாக, வானொலிப் பெட்டி பழுதுபார்த்துப் பழகிய முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். நான் அருகே ஒரு முக்காலியில் அமர்ந்தேன். அவர் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டக் காட்ட, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை எண்ணி வியந்தேன்.

முதலில் ஒலித்துறை என்னும் கருவி எவ்வாறு பிறந்தது என்று காண்போம். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினிக்குப் பேச்சு வராது. உள்ளே இருந்த சிறு ஒலிபெருக்கி 'கீச்' என்று கத்தத்தான் அறியும். 1987 இல் கனடா நாட்டின் கியூபெக் நகரத்து ஆட்லிப் நிறுவனம், கணினிக்குள் செருகும் இசை அட்டை ஒன்றை விற்றது. 1989 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் அட்டையைக் கொணர்ந்தது. அதன்பின் இசையோடு பதிவு செய்த மனிதக் குரலும் கணினியின் இயல்பாயிற்று.

ஆயினும் மடிக்கணினிக்கு வேறொரு தொல்லை. அது மெலிய வேண்டும். மெலிந்தால் துளைகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடம் இல்லை. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே 'துறை' என்னும் கருத்து எழுந்தது. 1992 இல் ஆப்பிள் நிறுவனம் 'பவர்புக் டியோ' என்னும் மெல்லிய கணினியை வெளியிட்டது. அதனை 'டியோ டாக்' என்னும் பெரிய பெட்டிக்குள் நுழைத்தால், வீடியோ நாடாவை உள்ளிழுக்கும் யந்திரம் போல, மோட்டார் ஒன்று கணினியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டில் மேசைக் கணினி; வெளியில் கைக் கணினி. அழகான ஏற்பாடுதான். ஆனால் அத்துறையில் அந்தக் கலம் ஒன்றே தங்க முடியும். 1997 இல் அக்கணினி வரிசை நின்றபோது, அப்பெட்டிக்கும் வேலை போயிற்று.

இதே கதை பின்னரும் நிகழ்ந்தது. 2003 இல் ஐபாட் என்னும் கையடக்க இசைக் கருவியில் 30 முனை இணைப்பி ஒன்று வந்தது. அதனை நம்பி உலகெங்கும் பல நிறுவனங்கள் இசைத்துறைப் பெட்டிகளைச் செய்து குவித்தன. 2012 இல் இணைப்பியின் வடிவம் மாறியது. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ பெட்டிகள், இடைமாற்றி ஒன்று இல்லாவிட்டால் பயனற்றவை என்னும் நிலையை ஒரே நாளில் அடைந்தன. ஒலிபெருக்கி பழுதாகவில்லை, மின்சாரம் நிற்கவில்லை, வாயிலின் வடிவம் மாறியதே குற்றம்.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1996 இல் பல நிறுவனங்கள் கூடி 'யு.எஸ்.பி.' என்னும் பொது இணைப்பு முறையை வகுத்தன. அதன்வழி ஒலியை அனுப்புவதற்கான விதிகள் 1998 இல் வெளியாயின. இவ்விதிகளைப் பின்பற்றிய ஒலிப்பெட்டி எந்த நிறுவனத்தின் கணினியோடும் பேசும். என் தமக்கையாரின் பெட்டி இவ்வகையைச் சேர்ந்தது. 2014 இல் 'சி' வகை என்னும் புதிய வடிவம் வந்தபோதும், விலை குறைந்த ஒரு சிறு இடைத்துண்டால் பழைய பெட்டி புதிய கணினியோடு உறவு கொண்டது. பொதுவழி அமைத்தவர்கள் செய்த நன்மை இது.

இனிப் பெட்டியின் உள்ளே வருவோம். திறந்தவுடன் கண்ணில் படுவது ஒலிபெருக்கி. காகிதக் கூம்பு, அதன் அடியில் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம்: அவ்வளவே. சுருளில் மின்னோட்டம் மாற மாற, காந்தம் அதனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பு காற்றை அசைக்கிறது. காற்று நம் செவியை அடைகிறது. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898 இலேயே இத்தகைய அசையும் சுருளுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆயினும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர் 1925 இல் வெளியிட்ட ஆய்வே இன்றைய ஒலிபெருக்கிக்கு அடித்தளம். அதன்பின் நூற்றாண்டு ஒன்று கடந்தும் தத்துவம் மாறவில்லை. கூம்பின் விளிம்பில் உள்ள நுரைவளையம் காலத்தால் உதிரும். சுருள் சில வேளை அறும். எங்கள் பெட்டியில் இரண்டும் நேரவில்லை. முதியவர் கூம்பை விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்த்து, உரசல் இல்லை என்று தலையசைத்தார்.

அடுத்தது, மெலிந்த மின்குறியை வலுப்படுத்தும் பெருக்கி. ஜான் பிளெமிங் 1904 இல் அமைத்த வெற்றிடக் குழலில், லீ டி பாரஸ்ட் 1906 இல் மூன்றாவது மின்முனை ஒன்றைச் சேர்த்தார். அதனாலேயே வானொலி வீடுகளுக்குள் வந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன் என்பார் டிரான்ஸிஸ்டரை இயக்கிக் காட்டினர். 1958 இல் ஜாக் கில்பி பல உறுப்புகளை ஒரே துண்டில் அமைத்தார். இன்று ஒலித்துறையின் பெருக்கி ஒரு நகக்கண் அளவுள்ள கறுப்புச் சில்லு.

இந்த இடத்தில் நம் கவனத்துக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. வால்வுகள் விளக்குகளைப் போலச் சூடாகித் தேயும் இயல்பின. ஆகவே அவற்றைப் பிடுங்கி மாற்றும்படி குழிகளில் செருகி வைத்தனர். பெட்டி பழுதாகும் என்பதை அதனைச் செய்தவனே ஒப்புக்கொண்டு, பழுதுபார்ப்பவனுக்கு வழிவிட்டு வைத்தான். மின்சுற்றின் வரைபடத்தைப் பெட்டிக்குள் ஒட்டி வைத்த நிறுவனங்களும் இருந்தன. அமெரிக்காவில் ஜான் ரைடர் என்பவர் 1930களில் வானொலிப் பெட்டிகளின் வரைபடங்களைத் தொகுத்துத் தடித்த தொகுதிகளாக வெளியிட்டார். 1946 முதல் ஹோவர்டு சாம்ஸ் என்பவரின் நிறுவனம் பெட்டிகளைப் பிரித்து, படமெடுத்து, உறுப்புப் பட்டியலோடு 'போட்டோபேக்ட்' என்னும் ஏடுகளை விற்றது. சிற்றூர்த் தொழிலாளியும் அவ்வேட்டை விரித்து வைத்துப் பழுதைத் தேட முடிந்தது. பழுதுபார்ப்பு என்பது அன்று எழுத்தில் இருந்த கல்வி. எங்கள் பெட்டிக்கோ வரைபடம் இல்லை. முதியவரின் கண்ணும் மூக்கும் கைப்பழக்கமுமே ஏடு.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, குற்றம் எங்கே என்று வகுத்தார். வேறொரு கணினியை இணைத்தார்; இரைச்சல் இருந்தது. வேறொரு கேபிளை மாற்றினார், அப்போதும் இருந்தது. ஆகவே கணினியும் கேபிளும் குற்றமற்றவை என்று விடுவிக்கப்பட்டன. ஒலியளவைக் குறைத்தார், குரல் குறைந்தது, இரைச்சல் குறையவில்லை. "ஐயா, இரைச்சல் வெளியிலிருந்து வரவில்லை. மின்சாரம் வரும் வழியிலே இருக்கிறது" என்றார். பிறகுதான் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியைக் கையில் எடுத்தார். திறந்தவுடனும் உள்ளே கைவைக்கவில்லை. தேங்கியிருந்த மின்சாரத்தை ஒரு தடையின் வழியே வடித்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பின்னரே தொட்டார்.

தேங்கிய மின்சாரம் என்றேன். அதனைத் தேக்குவது எது? தொழிலாளர் 'கண்டன்சர்' என்றும் நூலோர் 'மின்தேக்கி' என்றும் சொல்லும் சிறு உருளை. நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலைவது. அதனை ஒரு திசையில் திருப்பும்போது வினாடிக்கு 100 துடிப்புகளாக வருகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே பள்ளம். மழைக்காலத்து நீரை ஏரி தேக்கி வைத்துக் கோடையில் விடுவதுபோல, மின்தேக்கி துடிப்பின்போது நிறைந்து, பள்ளத்தில் தன் இருப்பை வழங்கி, மின்னோட்டத்தைச் சமனாக்குகிறது. ஏரி தூர்ந்தால் வயல் காயும். மின்தேக்கி வறண்டால் அந்த 100 துடிப்புகளும் ஒலிபெருக்கியை அடைந்து 'ஊம்' என்று முழங்கும். எங்கள் வீட்டு இரைச்சல் அதுவே.

மின்சாரத்தைத் தேக்கலாம் என்று மனிதன் அறிந்தது 1745, 1746 ஆகிய ஆண்டுகளில். பொமரேனியாவில் பான் கிளைஸ்ட் என்பவரும், ஹாலந்தின் லைடன் நகரில் முஷன்புரூக் என்பவரும் தனித்தனியே, கண்ணாடிச் சீசாவில் மின்சாரம் தங்குவதைக் கண்டனர். கண்ட முறை, கையில் வாங்கிய கடும் அதிர்ச்சி. போலந்து நாட்டவரான கரோல் பொல்லாக் 1896 இல் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை உண்டாக்கி, மின்பகு நீர்மத்தோடு மின்தேக்கி செய்யும் முறைக்கு உரிமைப் பட்டயம் கோரினார். இன்றும் அதே முறையில், அலுமினியத் தாள்களுக்கு இடையே நனைந்த காகிதத்தைச் சுருட்டி உருளையில் அடைக்கின்றனர். அந்த ஈரமே அதன் உயிர். வெப்பத்தில் ஈரம் சிறுகச் சிறுக வெளியேறும். வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தொழில்நுட்பர் கைக்கொள்ளும் கணக்கு. காற்றுத் துளைகளில் தூசி அடையாமல் காப்பதும், பெட்டியை வெயிலில் வையாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய பராமரிப்பு என்பது இதனால் விளங்கும்.

இச்சிறு உருளையால் உலகமே ஒருமுறை தடுமாறியது. 1999 ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள், குறைபாடான நீர்மம் நிரப்பிய மின்தேக்கிகள் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்துவிட்டன. உள்ளே வாயு பெருகி, உருளைகள் தலை புடைத்து வெடித்தன. கணினிகளின் மூலப்பலகைகள் குவியல் குவியலாகச் செத்தன. பெரிய கணினி நிறுவனம் ஒன்று அதனைச் சரிசெய்ய 2005 இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பழுதுபார்ப்போர் இதனை 'மின்தேக்கிக் கொள்ளைநோய்' என்று பெயரிட்டு இன்றும் நினைவுகூர்வர்.

எங்கள் பெட்டியிலும் ஓர் உருளையின் தலை சற்றே புடைத்திருந்தது. முதியவர் அதே கொள்ளளவும், குறையாத வோல்ட் அளவும், 105 பாகை வெப்பம் தாங்கும் தரமும் உடைய புதியது வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். நான் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று வாங்கி வந்தேன். அதன் விலை நான் சென்றுவந்த வண்டிக் கூலியினும் குறைவு. அவர் பழைய பற்றாசை உருக்கி எடுத்துவிட்டு, கூட்டல், கழித்தல் முனைகளை இருமுறை சரிபார்த்துப் புதியதைப் பொருத்தினார். முனை மாறினால் உருளை வெடிக்கும் என்று எச்சரிக்கவும் செய்தார்.

இரைச்சல் நின்றது. ஆனால் குரல் அறுவது நிற்கவில்லை. அவர் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துக் கேபிள் செருகும் வாயிலின் அடிப்பகுதியைக் காட்டினார். பற்றாசுப் புள்ளியைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு வளைய விரிசல்! நாள்தோறும் கேபிளைப் பிடுங்கிச் செருகியதன் விளைவு அது. கம்பிகளைக் கையால் பிணைத்த காலத்தில் இத்தகைய வாயில்கள் பெட்டியின் உலோக உடலோடு திருகப்பட்டிருந்தன. 1930களில் பால் ஐஸ்லர் என்னும் ஆஸ்திரியர் இங்கிலாந்தில் அச்சுச் சுற்றுப் பலகையை உருவாக்கினார். அதன்பின் உறுப்புகள் பலகையிலேயே அமர்ந்தன. இன்று வாயிலின் பளுவையும் அந்தப் பற்றாசுப் புள்ளிகளே தாங்குகின்றன. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய விதி பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் ஈயத்தைத் தடுத்தது. உடல்நலத்துக்கு அது நன்றே. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். இன்று பரவலாக வழங்கும் ஈயமற்ற கலவைக்கு 217 பாகையளவு வேண்டும். பழைய கையும் புதிய சூடு கற்க வேண்டும். முதியவர் கற்றிருந்தார். ஓரிரு நிமிடங்களில் புள்ளிகள் மீண்டும் பளபளத்தன.

நேயர்களே, இரண்டு கடைகளில் 'எறிந்துவிடுங்கள்' என்று தீர்ப்பளிக்கப்பட்ட பெட்டிக்கு இருந்த நோய் ஒரு வறண்ட உருளையும் ஒரு மயிரிழை விரிசலுமே. இவ்வாறு தீர்ப்புப் பெறும் பெட்டிகள் எத்தனை? ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22.3 பங்கே. அந்தக் கடைக்காரர்களை நான் குறை கூறவில்லை. வரைபடம் இல்லை, உதிரி உறுப்பு கிடைக்குமா என்பது தெரியாது, பசையிட்டு ஒட்டிய பெட்டியைத் திறந்தால் உடையும். ஒரு மணி நேரம் உழைத்து அவர்கள் கேட்கக்கூடிய கூலியோ மிகச் சிறிது.

இந்நிலையை மாற்ற அரசுகள் அசையத் தொடங்கியுள்ளன. நம் நாட்டில் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு ஒன்றை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணைய வாயில் ஒன்றையும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுதுபார்ப்பை ஊக்குவிக்கும் சட்டம் இயற்றியது. அச்சட்டம் நிறைவேறியபோது அதன் பட்டியலில் துணி துவைக்கும் பொறி, குளிர்சாதனப் பெட்டி, கைபேசி முதலியன இருந்தன. ஒலித்துறை போன்ற எளிய பெட்டிகள் இடம்பெறவில்லை. வால்வுக்குக் குழி வைத்து, உள்ளே வரைபடம் ஒட்டிய அந்தப் பழைய வழக்கம், எந்தச் சட்டமும் கேளாமலே, சிறு பெட்டிகளுக்கும் இருந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையில் வைத்து, கணினியை இணைத்தேன். தமக்கையார் நாற்காலியை நகர்த்தி அருகே வந்து அமர்ந்தார். சென்ற முறை நின்ற பக்கத்திலிருந்து கணினி படிக்கத் தொடங்கிற்று. இரைச்சல் இல்லை; அறுதல் இல்லை. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தி, "இரண்டு பக்கம் முன்னாலிருந்து போடு தம்பி, இரைச்சலில் அந்த இடம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்றார். அவ்வாறே செய்தேன்.

அந்த முதியவரிடம் தொழில் பழக இளைஞர் எவரும் இப்போது இல்லை. அடுத்த முறை செல்லும்போது, அவர் செய்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள எண்ணியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் இத்தகைய ஒருவர் இருப்பார். பேச்சற்றுப் போன பெட்டி ஏதேனும் உங்கள் பரணில் இருந்தால், அதனை அவரிடம் எடுத்துச் செல்லுங்கள்; அவர் அதைத் திறக்கும்போது அருகே அமர்ந்து பாருங்கள்.